துருவை எடுப்பது பாதி வேலை

பழைய இரும்புக் கடையில் எடைக்கு விழும் உளி, இழைப்புளி, ஸ்பேனர், பெஞ்ச் வைஸ் ஆகியவற்றுள் பல உண்மையில் கெட்டுப்போனவை அல்ல. துரு தன்னை மிகைப்படுத்திக் காட்டும் பொருள். இரும்பு துருவாகும்போது, துருவின் வகையைப் பொறுத்து, அதன் கன அளவு இரண்டிலிருந்து ஆறு மடங்குவரை பெருகுகிறது. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பொருக்கு எழும்பியிருந்தாலும், அங்கே உண்மையில் தின்னப்பட்ட இரும்பு அதில் ஒரு பங்குதான். ஆகவே பார்வைக்கு முடிந்துபோனதாகத் தெரியும் கருவி, சுத்தம் செய்தபின் பல காலம் உழைக்கக்கூடும்.

துருவை நீக்கும் வழிகளுக்குக் குறைவில்லை. உப்புத்தாள், புளி, வினிகர், பாஸ்பாரிக் அமிலம், மின்பகுப்பு, மொலாசஸ் என்று ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எல்லாமே துருவை எடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஒவ்வொரு வழியும் துருவோடு வேறொன்றையும் எடுத்துச் செல்கிறது. ஒன்று நல்ல இரும்பைத் தின்கிறது, ஒன்று எஃகின் பதத்தைக் கெடுக்கிறது, ஒன்று பரப்பின் சமமட்டத்தையோ செய்தவர் பொறித்த முத்திரையையோ அழிக்கிறது. எது எதை எடுக்கிறது என்று தெரிந்து வழியைத் தேர்வதும், எடுத்த துரு திரும்பாமல் பார்ப்பதும்தான் இந்த வேலையின் சாரம்.

ஒரு சொட்டு நீருக்குள்

துரு பிடிப்பது எளிய வேதிவினை போலத் தோன்றினாலும் அதற்குள் ஒரு மின்கலம் இயங்குகிறது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் எவன்ஸ், 1920களில் இதை ஒரே சொட்டு உப்பு நீரில் காட்டினார். சுத்தமான இரும்புத் தகட்டில் வைத்த சொட்டின் விளிம்பில் காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் கரைகிறது. நடுப்பகுதிக்கு அது போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. இந்த ஏற்றத்தாழ்வே மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில் இரும்பு கரைகிறது, ஆக்சிஜன் நிறைந்த விளிம்பு பாதுகாப்பாக இருக்கிறது, இரண்டுக்கும் இடையில் துரு வளையமாகப் படிகிறது.

பட்டறைக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் பெரியது. துரு தெரியும் இடமும் இரும்பு அரிபடும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அழுக்கு, ஈர மரத்தூள், பழைய கிரீஸ் மூடிய இடங்களிலும், இரு பாகங்கள் ஒட்டி அமரும் இடுக்குகளிலும் ஆக்சிஜன் குறைவு. அங்கேதான் குழி ஆழமாக விழும். வைஸின் தாடைத் தகட்டுக்கு அடியிலும், இழைப்புளியில் அலகு அமரும் மேடைக்கு அடியிலும் ஒளிந்திருக்கும் துருவை வெளியிலிருந்து தேய்த்து எடுக்க முடியாது. எந்தச் சிகிச்சைக்கும் முன் கருவியை முழுதாகப் பிரிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

அலுமினியத்தின் ஆக்சைடு உலோகத்தை இறுக மூடிக் காக்கும். இரும்பின் துருவோ நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தை உறிஞ்சி உலோகத்தின் மேல் பிடித்து வைக்கும். அதனால்தான் பிடித்த துரு மேலும் துருவை வளர்க்கிறது.

கடற்காற்றின் பங்கு

காற்றில் ஈரம் எவ்வளவு இருந்தால் இரும்பு கெடும் என்பதை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் பிரிட்டனின் வெர்னான். மாசுபட்ட காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டும்போது துருப்பிடிக்கும் வேகம் திடீரென்று உயர்கிறது என்று அவர் சோதனைகள் காட்டின. அந்த எல்லைக்குக் கீழே இரும்பு நெடுங்காலம் தாக்குப்பிடிக்கிறது. தமிழகக் கடற்கரை ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி இந்த எல்லைக்கு மேல்தான் கழிகிறது.

உப்பு சேரும்போது கணக்கு இன்னும் மாறுகிறது. சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் வந்தபின்தான் தானாக நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதாவது கடல் உப்பு படிந்த இரும்பின் மேல், வெயில் காயும் பகலிலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று இருக்கும். உலோக அரிமானத்தை ஆராயும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், 1953இல் திறக்கப்பட்டது. அது மண்டபம் கடற்கரையில் சோதனை நிலையம் வைத்திருப்பதும் இந்தியாவுக்கே அரிமான வரைபடம் தயாரித்ததும் இந்தச் சூழலின் கடுமையை அறிந்துதான். 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் 108 ஆண்டுகள் நின்றது ஓயாத பராமரிப்பால். 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டதற்குக் காரணமும் அரிமானமே.

குளோரைடு உள்ள இடத்தில் அக்ககனைட் என்ற துரு வகை உருவாகிறது. அதன் படிக அமைப்பில் உள்ள குழாய் போன்ற இடைவெளிகளில் குளோரைடு சிறைப்பட்டுக் கிடக்கும். மேலே பளபளக்கத் தேய்த்த கருவி, குழிகளுக்குள் இந்த உப்போடு அலமாரிக்குப் போனால் சில வாரங்களில் அதே இடத்தில் மீண்டும் பூக்கும். எனவே கடற்கரை ஊரில் வாங்கிய கருவிக்கு முதல் சிகிச்சை, உப்புக் குறைந்த தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்துக் கழுவுவதே. பித்தளை விளக்குக்குப் புளியும் உப்பும் சேர்த்துத் தேய்க்கும் பழக்கத்தை இரும்பிடம் கொண்டுவரக் கூடாது. புளியின் அமிலம் துருவைக் கரைக்கும், கூட வந்த உப்பு அடுத்த துருவை விதைத்துவிட்டுப் போகும்.

தேய்த்து எடுத்தல்

மேலோட்டமான செந்துருவுக்கு மண்ணெண்ணெயும் மிக மெல்லிய ஸ்டீல் வுல்லும் போதும். சமதளமான பரப்பில் பழைய ரேசர் பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் பொருக்கு மட்டும் கழன்றுவரும். அடியிலுள்ள உலோகம் அதைவிடக் கடினமாதலால் கீறல் அதிகம் விழாது. இழைப்புளியின் அடித்தளம் போன்ற சமமட்டம் தேவைப்படும் இடங்களில் உப்புத்தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தால் ஓரங்கள் உருண்டுவிடும். கண்ணாடிப் பலகை போன்ற தட்டையான தளத்தில் தாளை ஒட்டி, கருவியை அதன்மேல் நகர்த்துவதே முறை. லேத் இயந்திரத்தின் படுகையில் உப்புத்தாளே ஆகாது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தேய்ந்தாலும் அது கடையும் பொருளின் அளவில் தெரியும். உதிர்ந்த மணல் துகள் சறுக்குப் பரப்பில் புகுந்து தேய்மானத்தை வளர்க்கும்.

வேகத்துக்காகக் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வெப்பம். உளி, இழைப்புளி அலகு போன்றவை அதிகக் கார்பன் எஃகு. கொல்லர் துவைச்சல் கொடுத்துக் கடினத்தையும் உறுதியையும் சமன் செய்திருப்பார். அந்தப் பதம் பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸை ஒட்டி அமைக்கப்பட்டது. மெல்லிய விளிம்பு அதைத் தாண்டிச் சூடேறினால் முதலில் வைக்கோல் நிறம், பின் ஊதா, 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் படரும். நீலம் கண்டால் அந்த விளிம்பு மென்மையாகிவிட்டது என்று பொருள். துரு போயிருக்கும், கூர்மை நிற்காது.

பழைய இயந்திரங்களின் பெயிண்ட் தனி ஆபத்து. துருத் தடுப்புக்காக முன்பு பூசப்பட்ட சிவப்புப் பூச்சில் ஈய ஆக்சைடு இருக்கக்கூடும். அதை உலர் நிலையில் தேய்த்துத் தூசி எழுப்பாமல் ஈரத்தோடு எடுக்க வேண்டும், முகக் கவசம் கட்டாயம். துருப்பிடித்த ஆணி குத்தினால் ரணஜன்னி வருவது துருவினால் அல்ல. மண்ணில் வாழும் பாக்டீரியாவின் வித்துகள் அழுக்கோடு ஆழமான காயத்துக்குள் போவதே காரணம்; பளபளக்கும் ஆணியும் அதைச் செய்யும். பட்டறையில் வேலை செய்கிறவர் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

அமிலம்: வேகமும் அதன் விலையும்

அமிலம் துருவைக் கரைக்கும். துரு தீர்ந்த இடத்தில் இரும்பையும் கரைக்கும். கருவியிலிருந்து நிற்காமல் குமிழி எழும்பினால் அது துரு கரைவதன் அடையாளம் அல்ல. இரும்போடு அமிலம் வினைபுரிந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது. இன்னொரு நுட்பமும் உண்டு: கரைந்த துருவிலுள்ள ஃபெரிக் அயனிகளே நல்ல இரும்பைத் தாக்கும். பலமுறை பயன்படுத்திப் பழுப்பேறிய கரைசல் இப்படித்தான் இரட்டைக் கேடு செய்கிறது. கருவி பாதி மூழ்கி பாதி வெளியே நின்றால் நீர்மட்டக் கோட்டில் அரிப்பு கூடி, அழியாத வரி விழுந்துவிடும்.

வீட்டில் பயன்படுத்தத் தக்கவை வினிகரும், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலமும். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் போதும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பிரஷால் தேய்த்துப் பார்க்க வேண்டும். இரவு முழுக்கப் போட்டு மறந்தால் பரப்பு மங்கிக் கரடுமுரடாகும். வார்ப்பிரும்பாக இருந்தால் இரும்பு கரைந்த இடத்தில் அதற்குள்ளிருந்த கிராஃபைட் கருப்பு மையாகக் கையில் ஒட்டும். துத்தநாக முலாம் பூசிய போல்ட்டுகளை அமிலத்தில் போட்டால் துருவுக்கு முன்பே முலாம் காணாமல் போகும்.

கழிப்பறை கழுவ விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மலிவு, வேகம். தொழிற்சாலைகள் அதை, இரும்பைத் தாக்காதபடி தடுக்கும் வேதிப்பொருள்களைச் சேர்த்துக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்துகின்றன. வீட்டுப் பட்டறையில் அதன் ஆவி அறையெங்கும் பரவி, தொட்டியில் போடாத கருவிகளையும் ஒரே இரவில் செந்துருவாக்கிவிடும். பிளீச்சிங் கலந்தால் குளோரின் வாயு எழும்பும். குளோரைடையே விட்டுச் செல்லும் அமிலத்தைத் துரு நீக்கத் தேர்வதில் பொருளே இல்லை.

அமிலத்தில் பிறக்கும் ஹைட்ரஜனில் ஒரு பங்கு எஃகுக்குள்ளேயே புகுகிறது. சாதாரண இரும்புக்கு அதனால் கேடில்லை. மிகக் கடினமான ஸ்பிரிங், ரம்ப அலகு, உயர்வலிமை போல்ட் ஆகியவை இதனால் நொறுங்கும் தன்மை பெற்று, பளுவின்போது முன்னறிவிப்பின்றி முறியலாம். இவற்றை அமிலத்துக்கு அனுப்பாமல் இருப்பதே பாதுகாப்பு.

துருவை மட்டும் பற்றும் கரைசல்கள்

துருவிலுள்ள இரும்பு பெரும்பாலும் ஃபெரிக் நிலையில், அதாவது மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கிறது. இந்த நிலையிலுள்ள இரும்பைத் தேடிப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகள் உண்டு. 1930களில் ஜெர்மன் வேதியியலர் ஃபெர்டினாண்ட் முன்ஸ் உருவாக்கிய இ.டி.டி.ஏ. அவற்றுள் புகழ்பெற்றது. ஃபெரிக் அயனியை அது பற்றும் உறுதி, இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஃபெரஸ் அயனியைப் பற்றும் உறுதியைப்போல் பல ஆயிரம் கோடி மடங்கு. எலக்ட்ரான் எதையும் இழக்காத உலோக இரும்பை நடுநிலைக் கரைசலில் அது பெரிதாகத் தீண்டுவதில்லை. கடைகளில் விற்கும் 'அமிலமற்ற' துரு நீக்கிகள் இந்த வகைக் கொள்கையில் இயங்குபவை. விலை கூடுதல், வேகம் குறைவு. கடினமான எஃகில் சாம்பல் நிற மங்கலை விட்டுச் செல்வதுண்டு. என்றாலும் முத்திரை, அளவுக்கோடு, திருகு மரை ஆகியவற்றைக் காக்க வேண்டிய கருவிக்கு இதைவிடப் பொருத்தமான ஊறல் இல்லை.

பழைய வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்கள் கையாளும் மொலாசஸ் முறையும் ஓரளவு இதன் உறவே. ஒரு பங்கு மொலாசஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். இரண்டு மூன்று வாரம் ஊற வேண்டும். நாற்றமும் நுரையும் சகிக்க வேண்டும். சர்க்கரைப் பாகிலுள்ள கரிம அமிலங்களும் நொதிக்கும்போது பிறப்பவையும் சேர்ந்து துருவைப் பற்றிக் கரைக்கின்றன. இதே வினையைத் தென்னிந்தியக் கலம்காரி ஓவியர்கள் வேறொரு நோக்கத்துக்காக நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் நாள்கணக்கில் புளிக்கவைத்து வடித்தெடுக்கும் இரும்புக் கரைசல், கடுக்காய் ஏற்றிய துணியில் பட்டதும் கறுப்பாக ஊன்றிக்கொள்கிறது. பட்டறைக்காரருக்குக் கழிவாகத் தெரியும் கரைசல் ஓவியருக்கு மை.

மின்பகுப்பு

பெரிய, கடுமையாகத் துருவேறிய பொருளுக்கு மின்பகுப்பு ஏற்றது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்குச் சுமார் 10 கிராம் சலவை சோடா, 12 வோல்ட் மின்னூட்டி, ஒரு பழைய இரும்புத் தகடு ஆகியவை போதும். கருவியை நெகட்டிவ் முனையிலும் தகட்டை பாசிட்டிவ் முனையிலும் இணைக்க வேண்டும். மாற்றி இணைத்தால் கருவியே கரைந்துபோகும். மின்சாரம் பாயும்போது கருவியின் பரப்பிலுள்ள துரு ஆக்சிஜனை இழந்து, கறுப்பு மேக்னடைட்டாக மாறித் தளர்கிறது. பின் பிரஷுக்கு எளிதில் வந்துவிடும். தகட்டை நோக்கியிருக்கும் பக்கமே நன்றாகச் சுத்தமாகும் என்பதால் கருவியை இடையிடையே திருப்ப வேண்டும்.

மூன்று தடைகளை மீறக் கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தகடாக வைத்தால் அதிலுள்ள குரோமியம் நச்சுத்தன்மை மிக்க ஆறுமதிப்புக் குரோமியமாகத் தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போட்டால் குளோரின் எழும்பும். மூடிய அறையில் செய்தால் ஹைட்ரஜன் தேங்கும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். கம்பிகளை மாட்டிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும், அணைத்த பிறகே கழற்ற வேண்டும். அலுமினியப் பாகங்களைச் சோடாக் கரைசல் தின்றுவிடும். கடின எஃகுக்கு ஹைட்ரஜன் ஆபத்து இங்கும் உண்டு.

இந்த முறைக்குச் சென்னையில் ஒரு முன்வரலாறு இருக்கிறது. 1930களில் அரசு அருங்காட்சியகத்தில் அமைந்த வேதியியல் பாதுகாப்புக் கூடத்தில், எஸ். பரமசிவன் காலத்திலேயே, அரிமானம் தாக்கிய வெண்கலப் படிமங்களுக்கு மின்பகுப்புச் சிகிச்சை அளிக்கப்பட்டது.

மாற்றி அமைத்தல்

சில இடங்களில் துருவை எடுப்பதைவிட மாற்றுவது நல்லது. பாஸ்பாரிக் அமிலம் துருவின் ஒரு பகுதியை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றுகிறது. அந்தப் படலம் பெயிண்டுக்கு நல்ல பிடிமானம். கடுக்காய், கருவேலம்பட்டை ஆகியவற்றிலுள்ள டானின், துருவோடு சேர்ந்து கருநீல இரும்பு டானேட் ஆகிறது. அருங்காட்சியகப் பாதுகாவலர்கள் டானிக் அமிலத்தை இரும்புப் பொருள்களுக்குப் பூசுவது இதனால்தான். இரண்டுமே பொருக்கைச் சுரண்டிய பிறகு எஞ்சும் மெல்லிய துருவுக்கு உரியவை. உள்ளே குளோரைடு இருந்தால் இரண்டும் தோற்கும். கேட், ஜன்னல் கம்பி, இயந்திர உடல் போன்றவற்றுக்கு இவை பொருந்தும்; உராயும் பரப்புக்கும் வெட்டும் விளிம்புக்கும் அல்ல.

தில்லி இரும்புத் தூண் 1,600 ஆண்டுகளாகத் திறந்த வெளியில் நிற்பதும் துருவை நீக்கியதால் அல்ல, நல்ல துருப்படலம் அமைந்ததால்தான். கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்பிரமணியம் காட்டியபடி, அந்த இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ், உலோகத்தை ஒட்டி ஒரு பாஸ்பேட் காப்புப் படலம் உருவாக வழிசெய்திருக்கிறது.

எங்கே நிறுத்துவது

ஆதிச்சநல்லூர் போன்ற இடங்களில் கிடைத்த இரும்புப் பொருளைப் பாதுகாவலர்கள் பளபளக்கத் தேய்ப்பதில்லை. புதைந்த பொருளின் மூல வடிவம் பல சமயம் துருப்படலத்துக்குள்ளேதான் காக்கப்பட்டிருக்கும். துருவை முழுக்க எடுத்தால் வாளின் விளிம்பே போய்விடும். பட்டறைக் கருவி அவ்வளவு அருமையானது அல்ல, என்றாலும் அளவறிந்து நிறுத்தும் ஒழுக்கம் அதற்கும் பொருந்தும். காலத்தில் படிந்த கறுப்புப் பழுப்புப் படலம் பெரும்பாலும் அசையாத மேக்னடைட். அது இரும்பைக் கெடுப்பதில்லை. துப்பாக்கிக் குழல்களுக்குக் கறுப்பேற்றுகிறவர்கள் வேண்டுமென்றே துருவை வளர்த்து, கொதிநீரில் அதை மேக்னடைட்டாக்குகிறார்கள். விரலில் ஒட்டும் செந்துரு போக வேண்டும், ஒட்டாத கறுப்பு இருக்கலாம்.

குழிகளையும் இடம் பார்த்தே எடைபோட வேண்டும். சுத்தியல் தலையிலோ வைஸின் உடலிலோ குழி இருந்தால் வேலைக்குக் குறையில்லை. உளியின் தட்டைப் பின்புறத்தில், விளிம்பை ஒட்டி இருந்தால், தீட்டத் தீட்ட விளிம்பு அங்கே பல்லுப் பல்லாக உடையும். குழியைக் கடந்துசெல்லும்வரை சாணை பிடிப்பதைத் தவிர அதற்கு மருந்து இல்லை.

எடுத்த பிறகு

துரு நீங்கிய இரும்பு எந்தக் காப்பும் இல்லாதது. ஊறலிலிருந்து எடுத்த சில நிமிடங்களிலேயே மஞ்சள் படரத் தொடங்கும். அமிலத்திலிருந்து வந்ததைச் சோடா நீரில் அலசி, சூடான தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, வெயிலிலோ வெப்பக் காற்றிலோ இடுக்குகள்வரை உலர்த்தி, சூடு ஆறுமுன் எண்ணெய் பூச வேண்டும். 1953இல் உருவான டபிள்யூடி-40 நீரை விரட்டுவதில் வல்லது. நீண்ட காலக் காப்புக்கு அதன் படலம் போதாது. அடிக்கடி எடுக்கும் கருவிக்கு மெல்லிய இயந்திர எண்ணெயோ மெழுகோ, எடுத்து வைக்கும் கருவிக்குக் கிரீஸோ நல்லது. வண்டியில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலைப் பூசும் பட்டறை வழக்கத்தைக் கைவிட வேண்டும். எரிபொருள் எரிந்ததில் சேர்ந்த அமிலமும் ஈரமும், புற்றுநோய் உண்டாக்கும் கரிமச் சேர்மங்களும் அதில் உண்டு.

வைக்கும் இடத்திலும் சிறு கணக்கு உதவும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரம் உள்ள காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 60 ஆகக் குறையும். மூடிய அலமாரியில் சிறிய குண்டு பல்பு ஒன்று எரிவது வீண் செலவல்ல. தோல் உறையில் உளியைச் செருகி வைப்பது தவறு; தோல் ஈரத்தையும் பதனிட்ட உப்புகளையும் பிடித்து வைத்திருக்கும். வியர்வைக் கையால் தொட்ட இடத்தில் ரேகை வடிவிலேயே துரு வரும் என்பதால், வேலை முடிந்ததும் துடைப்பதைப் பழக்கமாக்க வேண்டும்.

சுருங்கச் சொன்னால்: மேலோட்டமானதற்கு மண்ணெண்ணெயும் ஸ்டீல் வுல்லும், நுட்பமான கருவிக்கு அமிலமற்ற ஊறல், பெரிய வார்ப்பிரும்புக்கு மின்பகுப்பு, மரையாணி போன்ற சில்லறைக்குக் கண்காணிப்போடு சிட்ரிக் அமிலம், பெயிண்ட் அடிக்கப்போவதற்குப் பாஸ்பாரிக். எல்லாவற்றிலும் மென்மையான வழியில் தொடங்குங்கள். அது போதாதபோது மட்டும் அடுத்ததற்குப் போங்கள். துருவை எடுக்க ஒரு நாள் ஒதுக்குகிறவர், உப்பைக் கழுவவும் உலர்த்தவும் எண்ணெய் பூசவும் இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்காவிட்டால், அடுத்த மழைக்காலத்தில் அதே வேலையை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.